மயிலாத்தாள் பேரில் ஒரு தறி

தங், தங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, யோசித்ததுபோல் மறுபடி ஒரு தங். வார்ப்பிரும்பு சிமெண்டுத் தரையில் கால் ஊன்றினால் அப்படித்தான் கேட்கும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அதுவரை எங்கள் தெருவில் வார்ப்பிரும்பு கால் ஊன்றியதில்லை. எத்தனையோ வருடம் கழித்து, இப்போதும் மத்தியானத்தில் கண் அயரும்போது அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்புவது எனக்குக் கேட்கிறது. எழுந்து பார்த்தால் தெருவில் வெயில் மட்டும் நிற்கிறது.

எங்களுடையது காவிரிக்கரையில் இருக்கும் தறி ஊர். காலையில் முதல் பட்டறையில் சுவிட்சைப் போட்டதும் தொடங்கும் இரைச்சல், ஓட்டின் மேல் விழும் மழைபோல விடாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்குள்தான் பிள்ளைகள் படித்தார்கள், பெண்கள் சண்டை போட்டார்கள், கிழவர்கள் செத்துப்போனார்கள். சொல்வது அடுத்தவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும், கேட்கக் கூடாதென்றால் சாதாரணமாகப் பேசினால் போதும். மத்தியானம் மின்சாரம் நிற்கும் நேரத்தில் மட்டும் ஊருக்கே காது திறந்துகொள்ளும். தகரத்தின் மேல் காக்கை நடப்பது கேட்கும், அடுத்த வீட்டில் உப்பு ஜாடியை மூடுவது கேட்கும், யார் யாரிடம் என்ன பேச்சுப் பேசாமல் இருக்கிறார்கள் என்பதுகூடக் கேட்கும். அப்படியொரு ஆடி மாதத்து மின்வெட்டில்தான் அந்தத் தறி நடந்து வந்தது.

பிள்ளையார் கோவில் மூலையில் அது திரும்பியபோது நாங்கள் எல்லோரும் வாசலில்தான் இருந்தோம், ஏனென்றால் அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். சினைமாடு நடப்பதுபோல் இடமும் வலமும் அசைந்து, சாக்கடை அருகே நின்று, முன்கால் இரண்டையும் எட்டிவைத்துத் தாண்டி, பாதி நெய்த துண்டு வயிற்றுக்குக் கீழே தொங்க, அறுந்த பாவுநூல் பின்னால் தெருவெல்லாம் வெள்ளையாக இழுபட, யாரையும் இடிக்காமல் வந்து, அர்த்தநாரி வீட்டு வாசலில், அவர் மனைவி மயிலாத்தாள் கைராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே நின்றது. நின்றதும் அதன் நூல் ஏந்தும் நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை ஓடி அடங்கியது, தூரத்திலிருந்து ஓடிவந்த பிள்ளை மூச்சு வாங்குவதுபோல.

“கொளாய மறைச்சுட்டு நிக்குது பாருங்க,” என்றாள் எதிர்வீட்டுச் சம்பூர்ணம், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல். “இன்னிக்கு உட்டா இனி நாலு நாளைக்குத் தண்ணி இல்ல. யாரூட்டுத் தறி இது?”

எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் வீட்டுத் தறி என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வி அதுதான்.

“எங்களுக்கெங்கீங்க தறி?” என்றாள் மயிலாத்தாள். “இந்த ராட்டையே வாடகை ராட்டை.”

அவள் கூலிக்குத் தார் சுற்றுகிறவள். துணியின் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது அவள் வேலை. அர்த்தநாரி பெரிய பட்டறை ஒன்றில் தறி ஓட்டினார். கடன் என்ற சொல் காதில் விழுந்தாலே மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். அந்த வருடங்களில் பெண்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் கம்பெனிகள் ஊருக்குள் வந்திருந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவதாகச் சொல்லி, வாரம் ஒருநாள் கோவில் மண்டபத்தில் கூடிப் பணம் வாங்கினார்கள். ஆண்கள் அந்தப் பக்கமே போகவில்லை, எப்படியும் பணம் தங்களிடம் வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் குழுவில் சேராதவள் மயிலாத்தாள் ஒருத்திதான்.

“கடன் வாங்காம நீ என்ன கோட்டையா கட்டிட்ட?” என்று சம்பூர்ணம் கேட்பாள்.

“கோட்டை கட்டலீங்க. ஆனா யாரு கதவத் தட்டினாலும் நானே எந்திரிச்சுப் போயித் தொறக்கறேன்.”

அப்படிப்பட்டவள் முதல்முறையாக ஒரு கடனுக்காக வீட்டைவிட்டுக் கிளம்பியது தறி வந்ததற்கு முந்தின நாள். மகள் வளர்மதி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆவணி முதல் வாரத்துக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். பேங்கில் படிப்புக் கடன் தருவார்கள், தாயும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போனாள். பேங்க் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல ஏற்கெனவே தறி வாங்கக் கடன் இருக்குதும்மா, தவணை பாக்கி நிக்குது, அத முடிச்சுட்டு வாங்க,” என்று சொல்லியிருக்கிறார்.

அவள் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தாள். “என்ற பேருல வேற எவளோ ஒரு மயிலாத்தா இருக்கறா அக்கா,” என்று என்னிடம் சொன்னாள். “பாவம், கட்டமாட்டாமக் கெடக்கறா.” அப்போது அர்த்தநாரி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

இப்போது தறி வந்து வாசலில் நிற்க, நாங்கள் குடங்களோடு நிற்க, தெருமுனையிலிருந்து ஒரு பெண் இழுபட்டுக் கிடந்த நூலைக் கையில் சுருட்டிக்கொண்டே ஓடிவந்தாள். அர்த்தநாரியின் தங்கை ருக்குமணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். புருஷன் லாரி மோதிச் செத்துப்போனதிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கொட்டகையில் துண்டு நெய்து பிழைத்தாள்.

“புடிங்க அண்ணி, அதப் புடிங்க! கரண்டு நின்னதும் பாதி நெசவுல எந்திரிச்சு வந்துருச்சு! பாலத்துல பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு!” என்று கத்திக்கொண்டு வந்தவள், மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்ததும் நூலோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உன்ற தறியா ருக்கு?”

“ஆமாங்க அண்ணி,” என்றாள் ருக்குமணி. பிறகு, “இல்லீங்க,” என்றாள்.

மயிலாத்தாள் தறியைப் பார்த்தாள். மின்வெட்டு நேரமாதலால் சாப்பாட்டுக்கு வந்து, எச்சில் கையோடு வாசலுக்கு வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இது யாரு தறி?”

“உன்றதுதான்,” என்றார் அர்த்தநாரி.

விஷயம் அங்கேயே, தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் வெளியே வந்தது. கம்பெனிக்காரர்கள் பெண்ணுக்குத்தான் கடன் கொடுப்பார்கள், ஆனால் பக்கத்தில் புருஷன் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ருக்குமணிக்குப் புருஷன் இல்லை. அர்த்தநாரி டிரங்குப் பெட்டியிலிருந்து மனைவியின் வாக்காளர் அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த குழுவில் ருக்குமணி மயிலாத்தாள் என்று பேர் கொடுத்து, மயிலாத்தாள் என்று கையெழுத்துப் போட்டாள். அர்த்தநாரி அர்த்தநாரியாகவே போட்டார். பிறகு தறியின் முன்னால் இருவரையும் ஜோடியாக நிறுத்திக் கம்பெனிக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சம்பூர்ணம் அப்போதுதான் குடத்தைக் கீழே வைத்தாள். “அண்ணனும் தங்கச்சியும் புருசம் பொண்டாட்டியா நின்னாங்களா?”

தறி நடந்து வந்ததை எங்கள் ஊர் அந்தக் குடம் நிறைவதற்குள் ஒத்துக்கொண்டது. அந்தப் போட்டோவை ஒத்துக்கொள்ள மாதக்கணக்காயிற்று. டீக்கடையில், சலூனில், நூல் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் அதுதான் பேச்சு. தறி எந்த வழியாக வந்தது என்று கேட்டவர்கள்கூட, பதிலைக் காதில் வாங்காமல், போட்டோவில் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்களா தள்ளி நின்றார்களா என்றுதான் அடுத்துக் கேட்டார்கள்.

“இதுல என்ன தப்பு?” என்றார் அர்த்தநாரி, குரலை உயர்த்தி, மின்சாரம் இல்லை என்பதை மறந்து. “உன்ற பேரு என்ற பேருன்னு ஊட்டுக்குள்ள என்ன இருக்குது? எல்லாம் ஒண்ணுதான? மலை மேல இருக்கற சாமியே ஒரே ஒடம்புதான?”

எங்கள் தெருவில் நின்றால் மழை பெய்து ஓய்ந்த நாட்களில் திருச்செங்கோட்டு மலை தெரியும். அங்கே இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். அவர் பேரைத்தான் இவருக்கு வைத்திருந்தார்கள்.

“ஒரே ஒடம்புதானுங்க,” என்றாள் மயிலாத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையும் இல்லை. “ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை. குருக்கள் ஒருநாளாச்சும் மாத்திக் கட்டி உட்ருக்கறாரா?”

அப்போது மின்சாரம் வந்தது. ஊர் முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அர்த்தநாரி ஏதோ பதில் சொன்னார். வாய் அசைந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை.

தறியை அவர் சின்ன லாரி பிடித்து ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். மறுநாள் மின்வெட்டில் அது திரும்பி வந்தது. மறுபடி கொண்டுபோய்க் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினார். தூணோடு வந்தது. அடுத்த தடவை லாரிக்காரர் வண்டியை நிறுத்தவே இல்லை, “வாடகை குடுத்து ஏத்தறது நீங்க, எறங்கி நடக்கறது அது, நடுவுல நான் எதுக்குங்க?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குள் மற்றவையும் நடக்கத் தொடங்கியிருந்தன. யார் பேரில் வாங்கப்பட்டதோ அவரிடம் போய்ச் சேராமல் எந்தப் பொருளும் எங்கள் ஊரில் நிம்மதியாக நிற்கவில்லை. கால் இருந்தது நடந்தது, சக்கரம் இருந்தது உருண்டது, இரண்டும் இல்லாதது யாரும் தூக்காமலே போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரரின் மொபெட் அவருடைய மாமியார் வீட்டுக்குப் போய், அந்தம்மாள் கருவாடு காய வைக்கும் இடத்தில் நின்றது. பட்டறை முதலாளி ஒருவரின் வெள்ளைக் கார், வரிக்குப் பயந்து யார் பேரில் வாங்கியிருந்தாரோ அந்தக் காவல்காரரின் குடிசைக்குப் போயிற்று; காவல்காரர் பெட்ரோலுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டு, முடிவில் அதற்குள் கோழி அடைத்தார். மாமனார் பேரில் இருந்த மாடு மாமனாரிடம் போயிற்று, கன்று மருமகனிடமே நின்று கத்தியது. சம்பூர்ணத்தின் வாசலுக்கு ஒரு மத்தியானம் சிவப்பு ஸ்கூட்டி ஒன்று வந்தது. அவள் புருஷன் அதை வேறு யாருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது, கைப்பிடியில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்திலிருந்து தெருவுக்கே தெரிந்தது. சம்பூர்ணம் அந்தப் பூவை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அர்த்தநாரியின் போட்டோவைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பெண்கள் மத்தியானத்தில் தூங்குவதை விட்டார்கள். மின்சாரம் நின்றதும் ஒவ்வொருத்தியும் ஏதாவது வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து, தெருமுனையைப் பார்த்துக்கொண்டே அரிசி புடைத்தார்கள். பலருக்கு ஒன்றும் வரவில்லை. வராதவர்கள், வந்தவர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்கும் எதுவும் வரவில்லை. போனது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு அப்பா எனக்கென்று வாங்கிக் கொடுத்த தையல் மிஷின், ஒரு செவ்வாய்க்கிழமை, மிதிபலகை தானாக ஆட, என் அண்ணன் வீட்டுப் பக்கமாகப் போய்விட்டது. நான் தடுக்கவில்லை. ரசீதை நான் பார்த்ததே இல்லை.

ஊர் பழகிக்கொண்டது. கடைக்காரர்கள் பில் புத்தகத்தைத் திறந்ததும், கடைக்கு வெளியே கேட்கும்படி, “யார் பேருக்குங்க?” என்று கேட்டார்கள். ஆண்கள் பதில் சொல்லும் முன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், அங்கே இருக்கும் பொருள்கள் மத்தியானத்தில் அசைகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போக, சாப்பாட்டு நேரத்துக்கு மேல் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். மயிலாத்தாள் வாசலில் நின்ற தறிக்கு மேல் சம்பூர்ணமே பழைய தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தினாள். தண்ணீர் வரும் நாளில் நாங்கள் அதன் கால்களுக்கு நடுவே குடத்தை நீட்டிப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம்.

மயிலாத்தாள் மட்டும் எப்போதும்போலத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வளர்மதியின் கல்லூரிக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் கம்பெனி மேனேஜர் ஞானசேகரன் வந்தார். சின்ன வயது, கழுத்தில் அடையாள அட்டை, காலெல்லாம் புழுதி. பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டு நாளுக்கு முன்புதான் அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தது. காகிதங்கள் இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். மின்வெட்டு நேரம். தெருவே வந்து நின்றது. ருக்குமணியும் வந்திருந்தாள், தூரத்தில், சுவரோடு சுவராக.

“இது மோசடிங்கம்மா,” என்றார் ஞானசேகரன். “இந்தக் கையெழுத்து என்னது இல்லைன்னு நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பேங்குக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். உங்க பேரு சுத்தமாயிரும், பாப்பாவுக்குக் கடன் கெடைச்சுரும். மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

மத்தது என்றால் என்ன என்று நான் காகிதத்தில் படித்துச் சொன்னேன். போலீஸ், வழக்கு, அர்த்தநாரி, ருக்குமணி. தெருவில் யாரோ தும்மினார்கள். வளர்மதி கதவருகே நின்று சொன்னாள்: “வெள்ளிக்கிழமதான் கடைசி நாளும்மா.”

மயிலாத்தாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் போட்டோவக் காட்டுங்க,” என்றாள்.

வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அர்த்தநாரி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, விறைப்பாக நின்றிருந்தார். பக்கத்தில் ருக்குமணி, தலை குனிந்து.

“என்ற பச்சச் சேலையக் கட்டிட்டு நின்னுருக்கறா,” என்றாள் மயிலாத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, “நம்ம கல்யாணத்துக்குப் போட்டோக்காரரு வரலீங்க. அப்பறம் ஒருக்காலும் நாம எடுத்துக்கல. எங்கூட நீங்க இப்பிடித் தல வாரிட்டு நின்னதில்ல,” என்றாள்.

ருக்குமணி சுவரைவிட்டு முன்னால் வந்தாள். “அண்ணி, நீங்க எழுதிக் குடுத்துருங்க. எம்புள்ளைகள மட்டும் பாத்துக்குங்க, போதும்.”

“நீ சும்மா இரு,” என்றாள் மயிலாத்தாள். ராட்டையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, தார்ப்பாயை விலக்கி, தறியின் கட்டையில் கையை வைத்தாள். வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொட்டது அதுதான் முதல்முறை. “எழுதிக்குங்க சார். இந்தத் தறி என்னது. அந்தக் கையெழுத்து என்னது இல்ல. ரெண்டையும் எழுதிக்குங்க.”

“ரெண்டும் எப்பிடிங்கம்மா? கையெழுத்து உங்களுது இல்லைன்னா தறியும் உங்களுது ஆகாதே.”

“அத அதுகிட்டச் சொல்லுங்க.”

ஞானசேகரன் தறியைப் பார்த்தார். தறி நின்றுகொண்டிருந்தது.

“அப்பிடி எழுத இதுல எடம் இல்லீங்கம்மா,” என்றார் மெதுவாக.

“அப்பப் பழசக் கிழிச்சுப் போட்டுட்டு எடம் உட்டுப் புதுசா எழுதுங்க. பாக்கித் தவணைய இவரு கட்டுவாரு. அவரு பேருல அவரே வாங்கினது ஒண்ணே ஒண்ணு இருக்குது, அந்த டிவிஎஸ் வண்டி. அத விப்பாரு. மீதிய நான் இதுல நெய்து கட்டறேன்.”

“புதுசா எழுதினாலும் புருசன் நின்னுதானுங்க ஆகோணும். கையெழுத்து, போட்டோ, ரெண்டும் வேணும். ரூல்ஸ்.”

அர்த்தநாரி அவசரமாக உள்ளங்கையால் தலையைத் தடவிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க அங்கியே நில்லுங்க,” என்றாள் மயிலாத்தாள். “ஒருக்கா நின்னது போதும்.” பிறகு ருக்குமணியைப் பார்த்து, “நீ வா. வந்து புருசன் எடத்துல நில்லு. பேரு கேட்டா உன்ற பேரச் சொல்லு.”

ஞானசேகரன் ரூல்ஸை நினைத்தார். அக்கா வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளையும் நினைத்திருக்க வேண்டும். பையிலிருந்து கேமராவை எடுத்தார். தறியின் இந்தப் பக்கம் மயிலாத்தாள், அந்தப் பக்கம் ருக்குமணி. போட்டோவில் சம்பூர்ணத்தின் குடமும் பாதி விழுந்தது.

டிவிஎஸ் விற்றுத் தவணை கட்டியாயிற்று. ஆனால் கம்பெனியில் கட்டிய பணம் பேங்கின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர, தறி பாலத்தைக் கடக்கும் வேகம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை போயிற்று, அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. வளர்மதியின் இடம் வேறு யாருக்கோ கிடைத்தது. அவள் தறிகள் ஓடும் நேரமாகப் பார்த்து அழுதாள், அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் தாய்க்கு மட்டும் எப்படியோ கேட்டது.

தறியை எங்கே வைப்பது என்ற கேள்வி மிச்சமிருந்தது. மயிலாத்தாள் வீட்டு வாசற்படியில் அது நுழையாது, தெருவில் மழை, கொட்டகை இருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். தறி மயிலாத்தாள் இருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் நிற்காது. யோசிக்க அதிகம் இல்லை. ஒரு மத்தியானம் அவள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு வாசலில் வந்து நின்றாள்.

“சோறாக்கத் தெரியுமுங்கல்ல?” என்று புருஷனைக் கேட்டாள்.

“வெந்நி வெப்பன்.”

“அப்ப அதுல ஆரம்பிங்க.”

அவள் முன்னால் நடந்தாள். வளர்மதி பக்கத்தில் நடந்தாள். பின்னால் தறி, தங், தங் என்று, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து. பாலத்தில் பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்து, “பாத்துக் கூட்டிட்டுப் போங்கம்மா, லாரி வருது,” என்றார். கீழே காவிரியில் ஆடிப்பெருக்கின் புதுத்தண்ணீர் இன்னும் கலங்கல் தெளியாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பாலத்தின் இந்தக் கோடி வரை போய் நின்று பார்த்தோம். பாதிப் பாலத்தில் ருக்குமணி எதிர்கொண்டு வந்து அண்ணியின் மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஒரு வருடம் மூன்று பெண்களும் அந்த ஒரு தறியை முறைபோட்டு ஓட்டினார்கள். மயிலாத்தாளுக்குத் தறி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் ருக்குமணிதான். நூல் அறுந்தால் அண்ணி என்றும் பார்க்காமல் திட்டினாளாம். மறுவருடம் பேங்கில் மயிலாத்தாள் பேர் சுத்தமாக இருந்தது. வளர்மதி ஈரோட்டில் சேர்ந்து படித்தாள். இப்போது மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ருக்குமணி பிற்பாடு தன் பேரிலேயே ஒரு தறி வாங்கினாள். அது போட்ட இடத்தில் நிற்கிறது.

பொருள்கள் நடப்பது எப்போது நின்றது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஊரில் பாதிப்பேர் பில்லை மாற்றி எழுதிக்கொண்டார்கள் என்கிறார்கள். எனக்கென்னவோ நிற்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. இப்போது மின்வெட்டு கிடையாது. பகலெல்லாம் தறி ஓடுகிறது, அந்த இரைச்சலில் எது நடந்து போனாலும் காதில் விழாது.

அர்த்தநாரி இந்தத் தெருவிலேயே இருந்தார். வாடகை ராட்டையை மயிலாத்தாள் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பட்டறைக்குப் போய்வந்த நேரம் போக அதில் அவர் தார் சுற்றக் கற்றுக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மயிலாத்தாள் தறிக்குக் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியை அவள் அவருக்கும் கொடுத்தாள். முதல் தீபாவளிக்கு, சேர்த்து வைத்த அந்தக் கூலியில், பாலத்தைக் கடந்து போய்வர ஒரு சைக்கிள் வாங்கப்போனார். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, “யார் பேருக்குங்க?” என்றார்.

“மயிலாத்தா பேருக்கு,” என்றாராம்.

சைக்கிள் கடை வாசலிலிருந்தே கிளம்பிவிட்டது. ஆள் இல்லாமல், மணியை ஒருமுறை அடித்துவிட்டு, பாலத்தைக் கடந்து போய் மயிலாத்தாளின் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டது. “இதையும் கேக்காமத்தான் வாங்கியிருக்காரு,” என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்து, மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். திருப்பி அனுப்பவில்லை.

அர்த்தநாரி போன பங்குனியில் இறந்துபோனார். அதுவரைக்கும் வாரா வாரம் தார் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலத்தை நடந்தேதான் கடந்தார்.